கூடத்து மூலையில் ஒரு சப்வூஃபர்

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே நான் நலம். என்ன, சாப்பாடுதான் வேளை தவறுகிறது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு இடது கால் கொஞ்சமாவது ஊன்ற வருகிறதா?

இந்தக் கடிதத்துக்கு முன்பே ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து சேர்ந்திருக்கும். பாசத்தில் அனுப்பியது என்று நினைத்து ஏமாந்துவிடாதே, உனக்கு வேலை வைத்திருக்கிறேன். எங்கள் பத்திரிகைக்கு இந்த முறை மலிவு விலைச் சவுண்ட்பார் ஒன்றைச் சோதித்து எழுத வேண்டும். டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கர்தான் சவுண்ட்பார். கூடவே ஸ்டூல் உயரத்தில் கறுப்பாக ஒரு பெட்டி இருக்கும். அது சப்வூஃபர். இடி, முரசு மாதிரி அடிவயிற்றில் கேட்கிற சத்தமெல்லாம் அதன் வேலை.

எங்கள் அலுவலகச் சோதனை அறையில் சுவரெல்லாம் பஞ்சு. அங்கே தகர டப்பாவைத் தட்டினாலும் கச்சேரி மாதிரி இருக்கும். வாங்குகிறவர்கள் பஞ்சு அறையிலா குடியிருக்கிறார்கள்? எனக்கு நிஜமான கூடம் வேண்டும், நிஜமான காது வேண்டும். டிவியில் வருகிறவர்கள் எல்லாம் வாயில் துணி வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று அப்பா திட்டுகிறாரே, அவரைவிட நல்ல காது எங்கே கிடைக்கும்?

கேட்டதை அப்படியே எழுது. போன் வேண்டாம். போன் என்றால் மாமா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், நீயும் "எல்லாம் நல்லாருக்குடா" என்று வைத்துவிடுவாய். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு வரிகூட எழுத முடியாது. கூடத்தில் நடக்கிற எதையும் அற்பம் என்று விட்டுவிடாதே. எது எதனால் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பிரியமுள்ள
தம்பி


மே 19

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். அப்பாவுக்கு இருமல் போய்விட்டது, கால்தான் அப்படியே இருக்கிறது. மாமா சுகம். நேரத்துக்குச் சாப்பிடு, பெட்டிகளைச் சோதித்தால் போதும், வயிற்றைச் சோதிக்காதே.

செட் வந்தது. மாமாதான் பிரித்தார். எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்து, ரிமோட்டில் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டு, "உன் தம்பி அனுப்பினதே செத்த செட்டு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். நான் பேட்டரியைத் திருப்பிப் போட்டதும் பாட ஆரம்பித்தது. அன்று முழுக்க மனுஷர் என்னோடு பேசவில்லை.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரிமோட்டில் பேச்சுக்கென்று தனியாக ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தியதும் செய்தி வாசிக்கிற பெண்ணைப் பார்த்து, "இப்பதான் இவ வாயைத் திறந்து பேசறா" என்றார். சப்வூஃபரை ஜன்னல் மூலையில், அப்பா கட்டிலின் கால்மாட்டில் வைத்திருக்கிறேன். சண்டைக் காட்சியெல்லாம் பிரமாதம், மாமா இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். ஒரு படத்தில் இடி இடித்தபோது மட்டும் "டர்ர்" என்று ஒரு சத்தம் வந்தது, டம்ளருக்குள் கரண்டி ஆடுகிற மாதிரி. அற்பம் என்று விடாதே என்றாயே, அதனால் எழுதுகிறேன்.

கீழ்த்தளத்தில் கடை வைக்க வாடகைக்கு ஆள் கிடைத்துவிட்டது. சோபா, கட்டில் விற்கிறவர்கள். சாமான் பரப்ப இடம் தடையில்லாமல் வேண்டுமாம். பகலெல்லாம் இடிக்கிற சத்தம், வீடெல்லாம் தூசி. ஆட்கள் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்துத்தான் செட்டைப் போட்டுக் கேட்டேன்.

இன்னொன்று. அப்பாவின் மாத்திரை டப்பா கை தவறி விழுந்தால் உருண்டு உருண்டு சப்வூஃபரிடமே போய் நிற்கிறது. உள்ளே காந்தம் இருக்கும் என்கிறார் மாமா. பிளாஸ்டிக் டப்பாவை எந்தக் காந்தம் இழுக்கும் என்று கேட்டேன்.

என்றும் உன் நலம் விரும்பும்
அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. நானும் சுகமே.

உன் கடிதத்தில் அந்த "டர்ர்" இருக்கிறதே, அது தங்கம். எங்கள் பஞ்சு அறையில் அது வரவே இல்லை. மலிவுப் பெட்டிகளில் மரத்தூள் பலகையைப் போட்டு ஒட்டிவிடுவார்கள், கொஞ்ச நாளில் உள்ளே ஏதாவது ஆடத் தொடங்கும். ஆனால் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் அறையைக் குறை சொல் என்பது எங்கள் வேலையில் முதல் விதி. அதனால் சப்வூஃபருக்கு அடியில் போர்வையை மடித்து வை. அலமாரியில் பாத்திரம், சுவரில் படம், ஜன்னல் என்று ஆடக்கூடியதை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு மறுபடி கேள். ஒரு பென்டிரைவ் அனுப்பியிருக்கிறேன். அதில் உறுமலாக ஆரம்பித்து மெல்ல மேலே ஏறுகிற ஒற்றை ஒலி இருக்கும். அதைப் போட்டால் குறை தானாக வெளியே வரும்.

மாத்திரை டப்பா உருளுவதற்கு நான் பொறுப்பல்ல. வீடு கட்டியவரைக் கேள்.

பிரியமுள்ள
தம்பி


ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நலம்தானே? பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் கொஞ்சம் வாக்குவாதம். அது கிடக்கட்டும்.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். உறுமல் ஆரம்பிக்கிற இடத்திலேயே "டர்ர்" வந்தது. போர்வையை மடித்து வைத்தேன், வந்தது. பாத்திரங்களை எல்லாம் இறக்கிக் கட்டிலில் அடுக்கினேன். நடுவில் அப்பா பாத்திரக் கடைக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்போதும் வந்தது. படங்களைக் கழற்றினேன். ஜன்னலைச் சாத்தலாம் என்றால் சாத்த வரவில்லை, சட்டம் இறுகிக் கிடக்கிறது. குளியலறைக் கதவும் அப்படித்தான். தச்சர் வந்து இழைத்துவிட்டுப் போனார், சில நாளில் மறுபடி பிடித்துக்கொண்டது. மழையில் மரம் உப்பும் என்பார்கள், மழையே காணோம், எதற்கு உப்புகிறதோ. போன வாரம் கூடத்தில் ஒரு டைல்ஸ் படார் என்று தானாகவே எழும்பிக்கொண்டது. செட் அப்போது ஓடவில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

அப்பா சொன்னதையும் கேள். சோதனை முடிந்து செட்டை நிறுத்திய பிறகு, "என்னம்மா, நிறுத்தலையா? இன்னும் ஓடுதே" என்றார். நிறுத்திவிட்டேன் என்று டிவியைக் காட்டினேன். "கட்டில்ல தெரியுது. ஓடுது" என்கிறார். காது மந்தமானதிலிருந்து உடம்பால் கேட்டே பழகிவிட்டார்.

அந்தச் சப்வூஃபர் எவ்வளவு கனம் என்று எழுது. நேற்று மாடிப்படியில், கீழே இடிக்கிற வேலையைப் பார்க்கும் மேஸ்திரி என்னைப் பார்த்து, "அம்மா, மேல பாரமான சாமான் எதையும் புதுசா ஏத்தாதீங்க" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் மாமா பின்னால் வந்துவிட்டார். மேஸ்திரி சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்புடன்
அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்.

நீ அனுப்பியதைப் படித்துவிட்டு ஆசிரியரிடம் ஓடினேன். போர்வை வைத்தும் போகவில்லை, பாத்திரத்தை இறக்கியும் போகவில்லை என்றால் கோளாறு பெட்டியில்தான். என் சந்தேகம் சரி. ஆனாலும் ஒரு பெட்டியை வைத்துக் கம்பெனிக்காரனைத் திட்டக்கூடாது என்பதால் அதே மாடலில் இன்னொன்று அனுப்புகிறேன். அதுவும் "டர்ர்" என்றால் கட்டுரையை முடித்துவிடுவேன்.

சப்வூஃபர் பாதி அரிசி மூட்டைகூட இருக்காது. உனக்கு முன்னால் அது தூசி. மேஸ்திரி உன்னைத்தான் சாடையாகச் சொல்லியிருப்பார், சாப்பாட்டைக் குறை. அப்பா சொல்வதையெல்லாம் எழுதி இடத்தை வீணாக்காதே. நிறுத்திய செட் ஓடுகிறது என்று நான் எழுதினால் வாசகர்கள் என்னை வைத்தியரிடம் அனுப்புவார்கள்.

பிரியமுள்ள
தம்பி


ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

இரண்டாவது பெட்டியும் அப்படியேதான். முன்பைவிடச் சீக்கிரமாகவே, சத்தம் குறைவாக வைத்தாலே வருகிறது.

கூடத்து நடுச்சுவரில் இருந்த காலண்டரை மாமா ஜன்னல் பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறார். அங்கே மாட்டினால் யாருக்குத் தேதி தெரியும் என்றேன். "அது அங்கதான் இருக்கணும், எடுக்காத" என்றார். "டர்ர்" அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறதோ என்று எனக்கு ஒரு நினைப்பு.

மேஸ்திரி வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். கூலித் தகராறு என்கிறார் மாமா. கடைக்காரர்கள் அதற்குள் சோபாக்களைக் கொண்டுவந்து இறக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். வேண்டாம், அடுத்த கடிதத்தில் பார்க்கலாம். மாமா வருகிற சத்தம் கேட்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கட்டுரை அச்சாகிவிட்டது. "பேச்சு தெளிவு, பெட்டி பொய்" என்று தலைப்பு வைத்தேன். சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் இப்போது என் தலை உருள்கிறது.

கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் அலுவலகத்துச் சக ஊழியர் ஒருவர் அதே மாடலைத் தன் வீட்டிலும் தன் மச்சான் வீட்டிலும் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு முனகல்கூட இல்லையாம். உன் அக்கா என்ன கேட்டார், கனவு கண்டாரா என்று ஆசிரியர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

கடைசியாக ஒன்று செய். இரண்டு பெட்டியின் வயரையும் பிடுங்கிவிட்டு, தரையில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுச் சும்மா பார். தண்ணீர் அசையாமல் இருந்தால், குறை பெட்டிதான் என்று நான் தைரியமாகச் சொல்வேன். அசைந்தால் எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஒழுங்காகப் பார்த்து எழுது.

உன் கடிதத்தில் எதையோ கேட்க வந்து விட்டுவிட்டாய். என்ன அது?

தம்பி


ஆகஸ்ட் 17

அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற தையல்காரம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வயரைப் பிடுங்கினேன். கீழே யாரும் இல்லாத நேரம், தெருவில் ஒரு வண்டிகூட இல்லை. தட்டில் தண்ணீர் அசைந்தது. வளையம் வளையமாக, நின்று நின்று அசைந்தது. அப்பா கட்டிலிலிருந்து பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே" என்றார். அவர் ஜூன் மாதமே சொன்னார், நாம் இரண்டு பேரும் கேட்கவில்லை.

இத்தனை நாள் நான் உனக்கு எழுதாததை எழுதுகிறேன். கீழே நடுவில் நின்ற தூணை எடுத்துவிட்டார்கள். கட்டில் பரப்ப அது தடையாம். முதலில் மேலே இரும்பு உத்திரம் போட்டுத் தாங்கலாம், பிறகு எடுக்கலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். மாமாவுக்குப் பொறுமையில்லை. எடுத்த பிறகு முட்டுக் கொடுத்த குழாய்களில் பாதியை, அவை தன்னுடையவை என்று, மேஸ்திரி போகும்போது கழற்றிக்கொண்டு போய்விட்டார். கூலித் தகராறெல்லாம் ஒன்றுமில்லை. காலண்டருக்குப் பின்னால் என் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி.

மாமாவிடம் சொல்லாமலா இருப்பேன். "நான் நின்னு கட்டின வீடு இது. வீட்டை விட்டு இறங்கினா தெருவே பார்க்கும், கடைக்காரன் ஓடிடுவான். போறதுன்னா போ. உங்கப்பாவை எந்தத் தோள்ல தூக்கிட்டுப் போவ?" என்றார்.

அக்கா


ஆகஸ்ட் 23

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்ததும் அப்பாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடு. எங்கே போவது, எப்படிப் போவது என்பதையெல்லாம் வெளியே வந்த பிறகு யோசிக்கலாம்.

உன் கடிதங்களை எல்லாம் பரப்பிவைத்துப் படித்தேன். கதவு, ஜன்னல், டைல்ஸ், மாத்திரை டப்பா, மேஸ்திரி. ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். அறையைக் குறை சொல் என்று உனக்கு விதி சொன்ன நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். ஜூன் கடிதம் பாதி போகும்போதே நிறுத்தச் சொன்னார். "அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், உடனே போன் செய்யச் சொன்னார்.

போன் செய்தேன். நீ குளிக்கிறாய் என்றார் மாமா. மறுபடி செய்தேன், கடைக்குப் போயிருக்கிறாய் என்றார். மூன்றாவது முறை, "எங்க வீட்டு விஷயத்துல பஞ்சு ரூம்ல உக்காந்திருக்கறவங்க யோசனை தேவையில்ல" என்று வைத்துவிட்டார். உங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 1

மதிப்பிற்குரிய சகோதரருக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் பூரண நலம். தங்கள் நலமறிய விழைகிறோம்.

கட்டடம் உறுதியாக உள்ளது. சிறு பூச்சு வேலை மட்டுமே பாக்கி. இது குறித்துத் தாங்கள் வெளியாருக்கோ அலுவலகங்களுக்கோ எழுத வேண்டியதில்லை. தங்கள் செட் நன்றாக வேலை செய்கிறது.

பின்குறிப்பு: செட் தொடர்பாக ஒரு தகவல். மாத்திரை டப்பா இப்போது விழ வேண்டிய அவசியமில்லை. மேசை மேலேயே நடக்கிறது.

இப்படிக்கு
தங்கள் சகோதரி


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தையல்காரம்மா முகவரிக்கு அனுப்புகிறேன். நலமாக இரு, அது ஒன்று போதும்.

பிறந்ததிலிருந்து நீ என்னைச் சகோதரரே என்று கூப்பிட்டதில்லை. யார் சொல்லச் சொல்ல எழுதினாய் என்று தெரிகிறது. பின்குறிப்பு மட்டும் உன்னுடையது, அதுவும் புரிந்தது.

மாமாவோடு சண்டை போடாதே, உன்னால் ஜெயிக்க முடியாது. இப்படிச் சொல்: தம்பி எழுதியது தப்பாகிவிட்டது, அவனை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள், செட்டை வேறொரு வீட்டில் வைத்து மறுபடி சோதிக்க வேண்டுமாம், அப்பா காதால் கேட்டால்தான் செல்லுமாம். தம்பி முட்டாள் என்று நிரூபிக்க வாய்ப்பு கிடைத்தால் மாமா சப்வூஃபரைத் தானே தூக்கிவருவார். அப்பாவையும் தூக்கிவருவார். எதிர் வீட்டுக்கு வந்த பிறகு திரும்பிப் போகாதே. அதற்கு முன் டிக்கெட் கிடைக்கவில்லை, நான் 13ஆம் தேதி காலை வந்துவிடுவேன்.

தம்பி


செப்டம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நீ ரயிலில் இருப்பாய். எதையாவது வாங்கிச் சாப்பிட்டாயா?

நீ சொன்னபடியே நடந்தது. "உன் தம்பி மானத்தைக் காப்பாத்தவாவது இந்தப் பெட்டி பயன்படட்டும்" என்று மாமா சிரித்துக்கொண்டே சப்வூஃபரைத் தூக்கிக்கொண்டார். கடையில் சோபா இறக்குகிற ஆட்களில் இருவர் அப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். எத்தனையோ நாள் கழித்து அப்பா தெருவைப் பார்த்தார். "ஊர்வலம் நல்லாருக்கு, பின்னாடி கூட்டம்தான் இல்ல" என்றார்.

தையல்காரம்மா துணிகளை ஒதுக்கி இடம் கொடுத்தார். அதே ஒலி, அதே மூலை மாதிரி ஒரு மூலை, சத்தமும் அதே அளவு. உறுமல் அடியிலிருந்து மேலே வரைக்கும் சுத்தமாக ஏறியது. "டர்ர்" இல்லை. முழுச் சத்தம் வைத்தேன், அப்போதும் இல்லை. இன்னொரு பெட்டியையும் மாட்டிப் பார்த்தேன். பேச்சும் தெளிவு, இடியும் தெளிவு. கொடுக்கிற விலைக்கு நல்ல செட், தம்பி. உன் கட்டுரையைத் திருத்தி எழுதிவிடு.

"இப்ப திருப்தியா உன் தம்பிக்கு?" என்று மாமா கேட்டார். நீங்களும் இங்கேயே இருங்கள், இன்று ஒரு நாள் மட்டும் என்று கையைப் பிடித்தேன். கோபப்படவில்லை. "எதுக்கு இந்த நாடகம்னு எனக்குத் தெரியாதா? பயந்தா நீ இரு. நான் கட்டினதுல நானே இருக்கலன்னா வேற எவன் இருப்பான்?" என்றார். பிறகு தெருவைக் கடந்து, மேலே போய்ப் படுத்துவிட்டார். மதியத் தூக்கம். இங்கிருந்து கூடத்து ஜன்னல் தெரிகிறது. சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது உள்ளே இருந்தபோது எனக்குத் தெரிந்ததே இல்லை.

செட்டை நிறுத்திவிட்டேன். வயரையும் பிடுங்கிவிட்டேன். தையல்காரம்மாவின் மெஷினும் ஓடவில்லை. அப்பா நல்ல காலைத் தரையில் வைத்துக்கொண்டு, "என்னம்மா, இன்னும் ஓடுதே" என்கிறார். இது எதிர் வீடு, தம்பி. கட்டில்கூட இல்லை, நம் வீட்டு ஆட்டம் தரை வழியாகவே வருகிறது.

இந்தக் கடிதத்தைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், நீ வந்ததும் தருவார். மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். கீழே நின்று கூப்பிட்டால் எழுந்திருக்கிற மனுஷர் இல்லை, மேலே ஏறிப் போய்த்தான் எழுப்ப வேண்டும்.

அப்பாவை வேளைக்குச் சாப்பிட வை. நீயும் சாப்பிடு.

அக்கா